ஒடிக்காதே என்பது சரி, பிரேக் அடிக்காதே என்பது தவறு

"நாய் குறுக்கே வந்தால் வண்டியை ஒடிக்காதே, பிரேக்கும் அடிக்காதே. ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டே இரு." லாரி கிளீனருக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவரும் இதைச் சொல்வார், புதுக் கார் எடுத்த மருமகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரும் மாமாவும் சொல்வார். சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பலர் வீட்டில் நாய் வளர்ப்பவர்கள், மாடு கறப்பவர்கள். நாயைக் காப்பாற்றப் போய்க் குடும்பத்தோடு புளியமரத்தில் மோதியவர்களின் கதை ஒவ்வொரு ஊரிலும் ஒன்று இருக்கிறது. அந்தப் பயத்தில் பிறந்த அறிவுரை இது. ஆனாலும் கேட்கும்போதெல்லாம் உறுத்துகிறது. உறுத்துவதற்குக் காரணம், இதில் ஒரு அறிவுரை இல்லை, இரண்டு இருக்கின்றன. ஒன்று முழுக்கச் சரி. இன்னொன்று முழுக்கத் தவறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி, சரியானதன் மரியாதையைத் தவறானதும் வாங்கிக்கொண்டுவிட்டது.

சரியானதை முதலில் பார்ப்போம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை வெடுக்கென்று ஒடித்தால் வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி வெளிப்பக்கத்து இரண்டு டயர்களில் போய் விழும். காராக இருந்தால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். அதைச் சமாளிக்க ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்புவோம். கவிழ்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது திருப்பலில்தான். வைக்கோல், பஞ்சு, தேங்காய் நார் ஏற்றிய லாரிக்கு இன்னும் மோசம்: பாரம் உயரத்தில் இருப்பதால் டயர் வழுக்குவதற்கு முன்பே வண்டி சாய்ந்துவிடும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பவர்கள் என்ன ஆவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இதெல்லாம் போக, ஒடிக்கும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க அந்த நொடியில் யாருக்கும் நேரமில்லை. இடப்பக்கம் ஒரு ஸ்கூட்டர் வந்துகொண்டிருக்கலாம். இருவழிச் சாலையில் வலப்பக்கம் என்றால் எதிர் வண்டி. ஆகவே ஒடிக்காதே என்பதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. நாய்க்கும் ஒடிக்காதீர்கள், மயிலுக்கும் ஒடிக்காதீர்கள், மாட்டுக்கும்கூட முதலில் பிரேக்தான்.

தவறானது, பிரேக் அடிக்காதே என்பது. "நிறுத்த முடியாது, அப்புறம் எதற்கு பிரேக்" என்ற எண்ணம்தான் அதற்கு அடிப்படை. நிறுத்துவது மட்டும்தான் பிரேக்கின் வேலை என்று நினைப்பதால் வரும் பிழை அது.

அரளிக்குப் பின்னால்

நான்குவழிச் சாலையின் நடுவில், சென்டர் மீடியனில், செவ்வரளி வைத்திருக்கிறார்கள். எதிர்ச் சாரியின் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் மறைக்கும், தண்ணீர் இல்லாவிட்டாலும் பிழைக்கும், ஆடு மாடு வாய் வைக்காது. நல்ல தேர்வுதான். ஆனால் ஓர் ஆள் உயரத்துக்கு வளர்ந்த அரளி, நாய் நிற்பதை முழுக்க மறைத்துவிடும். சாலையைக் கடக்கும் நாய் முதல் பாதியை எப்படியோ தாண்டி மீடியனில் ஏறுகிறது. செடிக்குள் ஒரு நிமிடம் நிற்கிறது. எதிரே ஒரு லாரி சத்தத்தோடு போய் முடிந்ததும் சாலை காலி என்று நினைத்து இறங்குகிறது. இறங்கும் இடம் நேராக வேகத்தடம், கார்கள் மிக வேகமாக வரும் தடம். ஓட்டுபவருக்கு முதலில் தெரிவது இலைக்கு நடுவே ஒரு மூக்கு, அடுத்து முன்னங்கால் இரண்டும் தாரில்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கண் பார்த்து, மனம் புரிந்துகொண்டு, கால் ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாற ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒன்றரை வினாடியிலேயே 25 மீட்டர் போயிருப்போம். உலர்ந்த சாலை, நல்ல டயர் என்றால் அதற்குப் பிறகு நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45. அதே சாலையில் 80இல் வந்தால் யோசிக்கும் நேரத்தில் 33 மீட்டர், பிரேக்கில் 35, மொத்தம் 68 மீட்டருக்கு மேல். 100 என்றால் 97 மீட்டர். இதில் பலருக்கும் புரியாத ஒன்று உண்டு. 60இல் வந்த கார் முழுதாக நின்றுவிட்ட அந்த 45ஆவது மீட்டரில், 80இல் வந்த கார் பிரேக்கை முழுக்க மிதித்த நிலையிலும் இன்னும் 65 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வேக வித்தியாசம் 20தான். ஒன்று நின்றுவிட்டது, மற்றொன்று கொல்லும் வேகத்தில் இருக்கிறது.

நாயின் பக்கத்துக் கணக்கு வேறு. மெல்லோட்டமாகக் கடக்கும் நாய் வினாடிக்கு 3, 4 மீட்டர் போகும். நம் நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர். ஆக, அதற்கு வேண்டியது ஒரே ஒரு வினாடி. நீங்கள் நிற்கவே வேண்டாம். நேர்கோட்டில், உங்கள் தடத்திலேயே, பிரேக்கை அழுத்தி மிதித்து அந்த ஒரு வினாடியைக் கொடுத்தால் நாய் உங்கள் இடப்பக்கப் பம்பரைத் தாண்டிப் போய்விடும். ஏற்றிவிட்டுப் போ என்னும் அறிவுரை பறித்துக்கொள்வது இந்த ஒரு வினாடியை. அப்படியும் மோதல் தவிர்க்க முடியாமல் போகலாம். ஆனால் 80இல் மோதுவதற்கும் 40இல் மோதுவதற்கும் இடையே மோதலின் ஆற்றல் நாலில் ஒன்றாகக் குறைந்திருக்கும். உங்கள் ரேடியேட்டருக்கும் அது நல்லது, காருக்குள் இருப்பவர்களுக்கும் நல்லது.

பிரேக் மிதிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற கார்களில் ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். பலர் அதை ஒருமுறைகூட வேலை செய்ய வைத்துப் பார்த்ததில்லை. முழு பலத்தோடு மிதிக்கும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும், ஏதோ உடைந்ததுபோல் சத்தம் வரும். பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது. அந்த அதிர்வுதான் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. ஆள் நடமாட்டமில்லாத காலி மைதானத்தில் 40 கிலோமீட்டரில் இரண்டு தடவை முழுக்க மிதித்துப் பழகிக்கொண்டால் போதும். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் பேச்சுக் கேட்காது. மிதித்து, லேசாக விட்டு, மறுபடி மிதிக்க வேண்டும்.

பின்னால் வரும் வண்டியைப் பற்றிய கேள்வி நியாயமானது. வால் பிடித்தாற்போல ஒரு பஸ் வந்தால் முழு பிரேக் அடிப்பது ஆபத்துதான். ஆனால் அந்தப் பஸ் பின்னால் இருக்கிறது என்பது நாய் வந்த பிறகு தெரிய வேண்டிய விஷயம் இல்லை. ஐந்தாறு வினாடிக்கு ஒருமுறை கண்ணாடியைப் பார்த்து ஓட்டுபவருக்கு எவ்வளவு மிதிக்கலாம் என்பது முன்பே தெரிந்திருக்கும். யாராவது ஒட்டிக்கொண்டு வந்தால் இடத்தடத்துக்குப் போய் வழிவிட்டுவிடுவது, ஊர் எல்லையில் குப்பைமேடோ இறைச்சிக் கடையோ தெரிந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கின் மேல் சும்மா வைத்துக்கொள்வது. இந்த இரண்டாவது பழக்கம் ஒன்றரை வினாடியில் கொஞ்சத்தையாவது மிச்சப்படுத்தும். நாய்கள் எங்கே கடக்கும் என்பது ஒன்றும் புதிர் இல்லை. சோறு கிடைக்கும் இடம் ஒரு பக்கம், படுக்கும் இடம் மறுபக்கம்.

இருசக்கர வண்டிக்கு இதே கணக்கு, தண்டனை மட்டும் அதிகம். நாய் வந்ததும் கை தானாக முன் பிரேக்கைப் பிடித்து இறுக்கும், அதே நேரம் ஹேண்டில் பாரும் திரும்பும். திரும்பிய முன்சக்கரத்தில் இறுக்கிய பிரேக் என்றால் வண்டி அந்த இடத்திலேயே கீழே. ஹேண்டிலை நேராக வைத்துக்கொண்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்த வேண்டும். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் உண்டு. அதற்குக் கீழே இருப்பவற்றில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்புதான் பெரும்பாலும். அது சக்கரம் பூட்டுவதைத் தடுக்காது.

மாடு எழும் விதம்

மழைக்காலத்தில் ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் மாடுகள் சாலை நடுவே படுத்திருப்பதைப் பார்த்துத் திட்டாதவர் இல்லை. அதற்கு அதன் நியாயம் இருக்கிறது. சுற்றிலும் மண் ஈரம். தார் மட்டும் பகல் வெயிலை வைத்துக்கொண்டு கதகதப்பாக இருக்கிறது, தண்ணீர் நிற்பதில்லை, வண்டிகள் போகும் காற்றில் கொசுவும் ஈயும் குறைவு.

மாட்டைத் தாண்டிப் போகும்போது தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. படுத்திருக்கும் மாடு எழும்போது முதலில் பின்பக்கத்தைத்தான் தூக்கும். முன்னங்கால் மண்டியிட்ட நிலையில், தலையை முன்னே வீசி, உடம்பை முன்பக்கம் தள்ளி எழும். அதாவது எழும் மாடு எப்போதும் தலை இருக்கும் திசையில் ஓரிரு அடி முன்னே வரும். நின்றுகொண்டிருக்கும் மாடும் பின்னால் நகர்வது அபூர்வம். ஆகவே வேகத்தைக் குறைத்து, வால் பக்கமாகப் போக வேண்டும். முகத்துக்கு முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நுழைபவர்கள்தான் மோதுகிறார்கள். மாட்டின் மீது கார் மோதினால் பம்பர் காலைத் தட்டிவிடும். 300, 400 கிலோ உடம்பு பானட்டின் மேல் ஏறி முன்கண்ணாடி வழியாக உள்ளே வரும். மாட்டுக்கு நிற்பது ஜீவகாருண்யம் மட்டும் இல்லை.

எருமை வேறு ரகம். அவசரப்படாது, நடுவழியில் மனம் மாறாது, பாதியில் திரும்பாது. அந்த வகையில் அதை நம்பலாம். ஆனால் இரவில் அதன் கருப்பும் தாரின் கருப்பும் ஒன்று. டிம் லைட்டில் பல கார்களுக்கு 40, 50 மீட்டர்தான் தெளிவாகத் தெரியும். முன்பு சொன்ன கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்: டிம் லைட்டில் 60க்கு மேல் போகிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குள் ஓட்டுகிறார். நாய், மாடு, மான் ஆகியவற்றின் கண்ணில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் தலை நம் பக்கம் திரும்பினால் இரண்டு பொட்டு மின்னும். பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. காட்டுப்பன்றிக் கூட்டம் கண் மின்னாமலே வந்து நிற்கும். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடிக்கும் சிவப்பும் நீலமும் இரவில் எதற்கும் உதவாது. லாரிப் பின்பக்கம் ஒட்டும் ஒளிரும் பட்டையில் இரண்டு விரல் அகலம் வெட்டி, கொம்புக்கு ஒன்றாகச் சுற்றிவிட்டால் தூரத்திலேயே தெரியும். மாடு வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய செலவில்லை. சாலையோரக் கிராமங்களில் ஒவ்வொரு பொங்கலுக்கும் பெயின்ட் டப்பாவோடு இதையும் வாங்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆட்டுக் கிடைக்கு முழுதாக நின்றுவிடுவதே வழி. முதல் ஆடு கடந்துவிட்டால் மற்றதெல்லாம் எப்பாடுபட்டாவது கடக்கும், குட்டி தாயைத் தேடித் திரும்பி ஓடும். நடுவே வண்டியை நுழைத்தால் கிடை இரண்டாகப் பிரியும், பிரிந்த இரண்டும் ஒன்றையொன்று நோக்கி ஓடும், நடுவில் உங்கள் சக்கரம். இதற்குச் சட்டமே இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 132ஆம் பிரிவுப்படி, தன் விலங்கு மிரளும் என்று அஞ்சி மேய்ப்பவர் கைகாட்டினால் ஓட்டுநர் நிறுத்த வேண்டும். அந்தப் பிரிவில் விலங்கு என்றால் குதிரை, மாடு, யானை, ஒட்டகம், கழுதை, கோவேறு கழுதை, செம்மறி, வெள்ளாடு. நாய் அந்தப் பட்டியலில் இல்லை. விலங்கு வதைத் தடுப்புக்கான 1960ஆம் ஆண்டுச் சட்டத்திலோ முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. சட்டத்தை நம்பி நாய்கள் சாலையைக் கடக்க முடியாது.

திம்பத்தில் நிறுத்துவது

எல்லா விலங்குக்கும் நில் என்பதும் சரியில்லை. எங்கே நிற்பது என்பது தெரியாமல் நிற்பவர்களை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகும் பண்ணாரி, திம்பம், ஆசனூர் சாலையில் தினமும் பார்க்கலாம். 27 கொண்டை ஊசி வளைவுகள். கரும்பு லாரிகள் போகும் பாதை என்பதால் காரப்பள்ளம் பக்கம் யானைகள் சாலையோரத்தில் காத்திருக்கப் பழகிவிட்டன. லோடிலிருந்து விழும் கரும்பும், பயத்திலோ பாசத்திலோ சிலர் எடுத்துப் போடும் கரும்பும் அதற்குக் காரணம். ஒருமுறை போட்டவர் போய்விடுவார். அடுத்து வரும் லாரியை அந்த யானை மறிக்கும். கரும்பு இல்லாத காரையும் மறிக்கும்.

யானையைக் கண்டால் நிறுத்த வேண்டும், ஆனால் 100 மீட்டர் தள்ளியே. இன்ஜினை அணைக்காதீர்கள், விளக்கை டிம் செய்யுங்கள், ஹாரன் கூடாது, யாரும் இறங்கக் கூடாது. முன்னால் நிற்கும் வண்டிக்குப் பின்னால் ஒட்டி நிறுத்துவது பெரிய தப்பு. அது ரிவர்ஸ் எடுக்க மூன்று வண்டி நீளமாவது விட வேண்டும். கொண்டை ஊசி வளைவிலேயே நிற்க நேர்ந்தால் பின்னால் வருபவருக்குத் தெரிய நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள். ஒரு யானை கடந்துவிட்டதே என்று கிளம்பக் கூடாது. கூட்டத்தின் பின்பாதி இன்னும் புதருக்குள் இருக்கலாம். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே கார் போய் நிற்பதுதான் நடக்கவே கூடாதது. காதை நிதானமாக வீசிக்கொண்டு, வால் ஆடிக்கொண்டு மேய்ந்தால் அமைதியாக இருக்கிறது. காதை அகல விரித்துத் தலையைத் தூக்கி நம்மைப் பார்த்து நின்றால் எச்சரிக்கிறது, அப்போதே மெல்லப் பின்வாங்க வேண்டும். தும்பிக்கையை உள்ளே சுருட்டி, காதைப் பின்னால் ஒட்டி வந்தால் அது வெறும் மிரட்டல் இல்லை, நிஜமாகவே தாக்க வருகிறது.

மான் என்றால் ஒன்றோடு நிற்காது. புள்ளிமான் ஒன்று தாண்டினால் இன்னும் ஐந்தாவது பின்னால் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹை பீம் கண்ணில் பட்டால் உறைந்து நடுச்சாலையில் நின்றுவிடும். டிம் செய்தால் தானாக நகரும். காட்டுச் சாலையில் 30 கிலோமீட்டர் என்றால் மொத்தமாக 18 மீட்டருக்குள் வண்டி நிற்கும். அங்கே இருக்க வேண்டிய வேகம் அதுதான். கர்நாடகத்தில் பந்திப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் 2009 முதல் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். திம்பம் சாலையில் இரவுத் தடையை நடைமுறைப்படுத்தும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உத்தரவிட்டது. தாளவாடி மலை மக்களுக்கு அதனால் வந்த சிரமம் உண்மையானது, விளைபொருள் ஏற்றிவரும் வண்டியும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியும் அந்த ஒரே சாலையைத்தான் நம்பியிருக்கின்றன. இருந்தாலும், சில சாலைகளில் ஓட்டுநர் தனியாக நல்லவராக இருந்து பயனில்லை, இரவில் சாலையே நிற்க வேண்டும் என்ற முடிவை நான் சரி என்றே சொல்வேன்.

நிற்கவே கூடாத இடம் குரங்குக் கூட்டம். வளைவில் காரை ஓரங்கட்டி பிஸ்கட் போடுகிறவர்கள் அதற்குச் சாலையைத் தட்டாக்கிக் கொடுக்கிறார்கள். பாக்கெட் பொறுக்க அது நடுச்சாலைக்கு வரும்போது போட்டவர் ஊட்டிக்கோ மைசூருக்கோ போய்ச் சேர்ந்திருப்பார். மெதுவாக, நிற்காமல், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

மோதிவிட்டால்

இவ்வளவுக்குப் பிறகும் மோதிவிடும் நாள் வரும். அப்போது நிறுத்த வேண்டும், மோதிய இடத்தில் இல்லை, ஐம்பது மீட்டர் தள்ளி இடது ஓரத்தில். நாலு இண்டிகேட்டரையும் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். அடிபட்ட நாய் வளர்த்தவரையே கடிக்கும், வலி அப்படி. துப்பட்டாவோ துண்டோ கொண்டு வாயைச் சுற்றிக் கட்டுங்கள்; மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ கட்டக் கூடாது. கழுத்தையும் காலையும் பிடித்துத் தூக்காமல், பக்கத்தில் ஒரு கோணியை விரித்து அதன் மேல் மெல்ல இழுத்து, கோணியின் நான்கு முனையையும் இருவர் பிடித்துத் தூக்க வேண்டும். கடி பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போய்விடுங்கள். ஆடு மாட்டுக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்குச் சொன்னால் ரோந்து வண்டி வரும்.

செத்துவிட்டது என்றாலும் அப்படியே விட்டுப் போகாதீர்கள். சாலையில் கிடக்கும் ஒரு நாயைத் தின்ன விடியற்காலையில் காகமும் இன்னொரு நாயும் வரும், காட்டோரம் என்றால் நரி வரும். அவையும் அதே இடத்தில் அடிபடும். பின்னால் வரும் பைக்காரர் அதைப் பார்த்துக் கடைசி நொடியில் ஒடிப்பார். வண்டி வராத நேரம் பார்த்து, கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, பின்னங்காலைப் பிடித்து, வெள்ளைக் கோட்டையும் சாலையோர மண்ணையும் தாண்டிப் பள்ளத்துப் பக்கம் இழுத்துவிட இரண்டு நிமிடம் ஆகும்.